சொந்த ஊர்

இந்த நகரத்தில்
யாரும் யாரிடமும் மூன்றாவது வாக்கியத்தில் கேட்டுவிடுவார்கள்:
எந்த ஊரு உங்களுக்கு?
நானும் அதைத்தான் கேட்கிறேன்.
கீழ்ப்பாக்கத்தில் ஜன்னல் இல்லாத அறையில்
சால்வையைப் போர்த்திக்கொண்டு
எலும்பில் விழுந்த நிழல்களிடம்.

அறுபது தாண்டிய எலும்பில் புதிதாக ஒன்று தெரிந்தால்
அநேகமாக அது அங்கே பிறந்ததில்லை.
ரத்தம் என்கிற பாசஞ்சரில்
டிக்கெட் எடுக்காமல் வந்து இறங்கியிருக்கும்.
முதுகெலும்பு சுண்ணாம்புக் கட்டியாய் வெளுத்திருந்தால்
புராஸ்டேட்டைப் பார்.
ஊதிப் பருத்து உள்ளே வெறுமை என்றால்
சிறுநீரகம், தைராய்டு.
நுரையீரலை எப்போதும் பார்.
குருத்தெலும்பில் முளைத்தது மட்டும்
சிந்திய பொரிபோல் இடுப்போரம் சிதறி
வருஷக்கணக்காய்க் குடியிருந்த பாவனையில் இருக்கும்.

ஜலபதி, ஆண், எழுபத்தொன்று, வியாசர்பாடி.
இடது தொடையில் வலி, நாலு மாதம்.
தைலம் ஸ்கேனில் தெரியாது.
"ரூமெல்லாம் நீலகிரித் தைலம் மேடம்" என்றான் பிரிட்டோ
மேஜையைத் துடைத்தபடி.

முதலில் போன் ஸ்கேன்.
காலையில் ஊசி. பிறகு மூன்று மணிநேரம்
தண்ணீர் குடி, பாத்ரூம் போ, தண்ணீர் குடி.
மகள் கஜலட்சுமி டம்ளர் டம்ளராய் ஊற்றிக் கொடுத்தாள்.
படத்தில் முழங்கால் இரண்டிலும் வயசுக்கேற்ற கறுப்பு,
நிறைந்த சிறுநீர்ப்பை,
வேறொன்றுமில்லை.
எலும்பு தன்னைத் திரும்பக் கட்டப் பார்க்கிற இடத்தில்தான்
அந்த மருந்து போய் ஒட்டும்.
கட்ட முயலாமல் கைவிட்ட இடத்தை
அது கடந்து போய்விடும்.
சுத்தமான படம் என்று நான் சொல்லவில்லை.

தலையையும் எடுக்கச் சொன்னேன்.
"கால்லதானே நோவு?" என்றாராம்.

ஓட்டைகள்.
வட்டமாய், ஓரம் துல்லியமாய்,
சுற்றி ஒரு வெள்ளைக் கோடுகூட இல்லாமல்.
பஞ்ச் செய்ததுபோல என்று படித்திருக்கிறேன்,
எழுதியுமிருக்கிறேன் நூறு முறை.
படிவத்தில் தொழில் என்ற கட்டத்தில்
மகளின் கோணல் எழுத்து:
டிக்கெட் பரிசோதகர், கடற்கரை ஸ்டேஷன் (ஓய்வு).
அதைப் படிக்காமல் இருந்திருக்கலாம் நான்.
அட்டை டிக்கெட்டில் அவர் போட்டவற்றை யார் எண்ணினார்கள்?
இவற்றை எண்ணினேன். பதினேழு.
பதினெட்டாவது வெறும் சிரைப் பள்ளமாகவும் இருக்கலாம்.

எம்ஆர்ஐயில்
கொழுப்பு வெளுத்திருக்க வேண்டிய மஜ்ஜையெங்கும் சாம்பல்.
நுரையீரல் சரி. சிறுநீரகம் சரி. தைராய்டு சரி.
எங்கிருந்தும் வரவில்லை இது.
மண்ணின் மைந்தன்.

அப்படி எழுத முடியாது.
"மல்டிபிள் மைலோமாவாக இருக்கக்கூடும்;
ரத்தம், மஜ்ஜைப் பரிசோதனைகளோடு ஒப்பிடுக."
அந்தக் 'கூடும்' ஒன்றுதான்
என் பாஷையில் இருக்கும் தலையணை.
தொடை எலும்பின் சுவர் முட்டை ஓடாய் மெலிந்திருந்தது.
அதற்குக் 'கூடும்' போடவில்லை.
போனை எடுத்தேன்:
அவரை நடக்க விடாதீங்க, வீல்சேர் அனுப்புங்க.

வராந்தாவில் கஜலட்சுமி மறித்தாள்.
"வேற எங்கேர்ந்தும் வரலன்னு தம்பி சொன்னாரே மேடம்."
பிரிட்டோ தரையைப் பார்த்தான்.
"அப்ப பரவல, நல்லதுதானே?"
டாக்டர் சொல்வாரும்மா, என்றேன்.
இருபது வருஷமாய் இதே நாலு சொல்லை வைத்துப் பிழைக்கிறேன்.
அவள் விடவில்லை.
"எந்த ஊரு உங்களுக்கு?"
திருச்செந்தூர் பக்கம்.

"நாங்க இங்கியேதான்"
என்றார் வீல்சேரிலிருந்து ஜலபதி.
"எங்க தாத்தாவுக்கு முன்னாடியே."

அந்த வண்டியில் ஒரு கால்மிதி இல்லை.
லிஃப்ட் வரைக்கும்
இடது காலை இரண்டு கையாலும் ஏந்தியபடி
பக்கவாட்டில் நடந்து போனான் பிரிட்டோ.